சேனைத் துளியும் சுகர் மாத்திரையும்

தெற்கத்திச் சீமையில் பிள்ளை பிறந்ததும், ஆணா பெண்ணா என்ற கேள்விக்கு அடுத்து எழும் கேள்வி, "சேனை யார் வைக்கிறது?" என்பதுதான். சீனித் தண்ணீர், கருப்பட்டி கரைத்த நீர், தேன், சில வீடுகளில் கழுதைப்பால். எதுவாக இருந்தாலும் தாயின் பாலுக்கு முன்னால் பிள்ளையின் நாக்கில் ஒரு துளி விழுந்தாக வேண்டும். வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. அதனால் ஆள் தேர்வு கவனமாக நடக்கும். நிதானமான தாத்தா, நாலு பேர் மதிக்கும் ஆச்சி, வாத்தியார் வேலை பார்க்கும் மாமா என்று பார்த்துப் பார்த்து அழைப்பார்கள். முன்கோபக்காரப் பெரியப்பாவை நாசூக்காக வாசலிலேயே உட்கார வைத்துவிடுவார்கள். வளர்ந்த பையன் அடம்பிடித்தால், "உனக்கு எவன்டா சேனை வச்சான்?" என்று ஊர் கேட்கும்.

கயத்தாறு வட்டாரமும் இதற்கு விலக்கல்ல. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர் என்றுதான் வெளியூர்க்காரர்களுக்கு இதைத் தெரியும். தூத்துக்குடி மாவட்டத்தில் இருந்தாலும் இங்கே கடல் கிடையாது. கரிசல் மண், உளுந்து, மக்காச்சோளம், கண்ணுக்கெட்டிய தூரம்வரை காற்றாலைகள். வடக்கே போனால் எழுத்தாளர் கி.ராஜநாராயணனின் இடைசெவல், அதைத் தாண்டிக் கோவில்பட்டியின் தீப்பெட்டி ஆபீஸ்கள். இந்தப் பக்கத்தில் இன்று வீட்டில் பேறுகாலம் பார்ப்பது அநேகமாக இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. சேனையும் அங்கேயே போய்விட்டது. செவிலியர் அந்தப் பக்கம் திரும்பியதும் முந்தானை முடிச்சிலிருந்து சின்னப் பாட்டில் வெளியே வரும். செவிலியர்கள் சத்தம் போடுவது காரணமில்லாமல் அல்ல. கையிலும் தண்ணீரிலும் இருக்கும் கிருமி ஒரு பக்கம். தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்வித்து, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நரம்பை முடக்கும் நஞ்சை உண்டாக்கலாம் என்பது இன்னொரு பக்கம். அபூர்வமானது என்றாலும் உயிர் சம்பந்தப்பட்டது.

ஆனால் இந்தக் கட்டுரை சேனையைத் திட்டுவதற்காக எழுதப்படவில்லை. அந்த நம்பிக்கைக்குள் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. முதலில் வாய்க்குள் போவது ஆயுள் முழுக்கக் கூடவே வருமா? குணம் வருமா என்று ஆச்சி கேட்டாள். நாற்பது வயதில் சுகரும் ஐம்பது வயதில் மாரடைப்பும் வருமா என்று கடந்த நாற்பது ஆண்டுகளாக மருத்துவ உலகம் கேட்டுக்கொண்டிருக்கிறது.

நமக்கு அது தலைபோகிற கேள்வி. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரைநோய் என்றது. இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்களாம். தமிழ்நாட்டில் இருபது வயதைத் தாண்டியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நோய் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியதிலிருந்து பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பச்சை உடம்புக்காரி படுத்திருக்கும் அதே வீட்டுத் திண்ணையில் மாமியார் தன் மாத்திரையை எண்ணி வாங்குகிறாள். தொட்டிலுக்கும் திண்ணைக்கும் இடையில் உள்ள கணக்கு என்ன?

ஒரு மாவட்டத்தின் பேரேடு

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வழி செய்தவர் ஒரு நர்ஸ். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் மருத்துவச்சிகளுக்கும் சுகாதாரப் பார்வையாளர்களுக்கும் தலைமை வகித்த எதெல் மார்கரெட் பர்ன்சைட். 1911-லிருந்து அவருடைய ஏற்பாட்டில் ஒவ்வொரு பிறப்பும் பதிவானது. பிறந்தபோது எடை எவ்வளவு, ஒரு வயதில் எடை எவ்வளவு, குடித்தது தாய்ப்பாலா புட்டிப்பாலா, பல் முளைத்ததா, பால்குடி மறந்ததா என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதினார்கள். எழுபது வருடம் கழித்து அந்தப் பேரேடுகளை சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் டேவிட் பார்க்கர் குழு தேடிப் பிடித்தது. அதில் இருந்த குழந்தைகள் அதற்குள் கிழவர்களாகியிருந்தார்கள், அல்லது செத்துப்போயிருந்தார்கள். எதனால் செத்தார்கள் என்பதும் அரசாங்கப் பதிவில் இருந்தது. இரண்டையும் பொருத்திப் பார்ப்பதுதான் பாக்கி.

1911-க்கும் 1930-க்கும் இடையில் பிறந்த 5,654 ஆண்களின் கதையை அவர்கள் 1989-இல் வெளியிட்டார்கள். ஒரு வயதில் 18 பவுண்டு, அதாவது எட்டு கிலோ சொச்சமோ அதற்குக் கீழோ இருந்தவர்கள் இதயநோயால் செத்த விகிதம், 27 பவுண்டைத் தொட்டவர்களைவிட இரண்டரை மடங்குக்கும் மேல். மாரடைப்பு என்பது வசதி வந்தவர்களின் நோய், நெய்யும் கறியும் தின்றவர்களின் நோய் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. அது ஏழை வீட்டு நோஞ்சான் பிள்ளைகளைத்தான் தேடிப்போயிருந்தது.

அடுத்த கேள்வி, பால். 1992-இல் கரோலின் ஃபால் என்ற மருத்துவரும் சகாக்களும் அதே பேரேட்டில் 'எப்படி ஊட்டப்பட்டது' என்ற பத்தியை எடுத்துக்கொண்டார்கள். புட்டிப்பால் குடித்து வளர்ந்த ஆண்களுக்குக் கெட்ட கொழுப்பு கூடுதலாக இருந்தது. மேடையில் பேசுகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்த ஆய்வு நிறுத்தவில்லை. ஒரு வயதுக்குப் பிறகும் பால்குடி மறக்காத ஆண்களுக்கும் அதேபோலக் கொழுப்பு கூடியிருந்தது. இது பார்த்த உடனே பிடித்துப்போகும் முடிவு அல்ல. ஒரு மாவட்டம், ஒரு காலம், ஆண்கள் மட்டும் என்று அதற்குச் சமாதானங்கள் உண்டு. அதை வைத்துத் தாய்ப்பாலைச் சீக்கிரம் நிறுத்து என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்லவில்லை. ஆறு மாதம் பால் மட்டும், பிறகு சாப்பாட்டோடு சேர்த்து இரண்டு வயதோ அதற்கு மேலோ என்பதுதான் அதன் அறிவுரை. இருந்தாலும், 'தாய்ப்பால் கொடுத்தால் எல்லா நோயும் ஓடிப்போகும்' என்று சுவரில் எழுதுவதற்கு முன் இந்த முடிவையும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

ஃபால் பிறகு நம் பக்கம் வந்தார். மைசூரின் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையிலும் பழைய பிரசவப் பதிவுகள் பத்திரமாக இருந்தன. 1934 முதல் 1954 வரை அங்கே பிறந்தவர்களில் 517 பேரைக் கண்டுபிடித்துப் பரிசோதித்தார்கள். பிறக்கும்போது இரண்டரை கிலோவோ அதற்குக் கீழோ இருந்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு இதயநோய். 3.1 கிலோவோ அதற்கு மேலோ இருந்தவர்களில் 3 சதவீதம்தான். முடிவு வெளியான ஆண்டு 1996. புனேயில் கே.ஈ.எம். மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் இன்னொரு முனையிலிருந்து வந்தார். அவர் அளந்த கிராமத்துக் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5. கைகால், வயிறு, தசை எல்லாவற்றிலும் நம் பிள்ளை சின்னது. முதுகுத் தோலுக்கு அடியிலிருக்கும் கொழுப்பில் மட்டும் குறைவு அவ்வளவாக இல்லை. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. வயிறு மட்டும் தள்ளிய, கைகால் குச்சியான நடுவயதுத் தமிழனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் புனேக் குழந்தைகள் நினைவுக்கு வருவார்கள்.

மூன்றாவது, டெல்லி. 1969-72 இல் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து அளந்துகொண்டே வந்த ஆய்வு அது. 26 முதல் 32 வயதான 1,492 பேரை 2004-இல் வெளியான கட்டுரை ஆராய்ந்தது. சர்க்கரை ஏறியவர்கள் குண்டுக் குழந்தைகளாக இருந்தவர்கள் இல்லை. இரண்டு வயதுவரை ஒல்லி. அதற்குப் பிறகு மற்றவர்களைவிடச் சீக்கிரமாகச் சதை போடத் தொடங்கி, நிற்காமல் ஏறியவர்கள். பன்னிரண்டு வயதில்கூட அவர்களை யாரும் குண்டு என்று சொல்லியிருக்க முடியாது.

மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், தாய்ப்பாலா டின் பாலா என்ற பட்டிமன்றத் தலைப்பு பாதிக் கேள்விதான் என்று புரிகிறது. வயிற்றில் இருக்கும்போது தாய்க்கு என்ன கிடைத்தது, முதல் ஆறு மாதம் எப்படிப் போனது, ஏழாம் மாதம் வாயில் என்ன வைத்தோம், மூன்று வயதில் அழுகையை எதால் அடக்கினோம் என்று இது ஒரு தொடர். நம் ஊரில் இது அறுகிற இடம் எது என்பதுதான் கேட்க வேண்டியது.

பால் செய்வதும் செய்யாததும்

தாய்ப்பாலில் 88 சதவீதம் நீர். புரதம் நூறு மில்லிக்கு ஒரு கிராம் அளவுதான், பசும்பாலில் அதைப்போல மூன்று மடங்கு. கன்றுக்குட்டி சீக்கிரம் எழுந்து ஓட வேண்டும், அதற்கு அது வேண்டும். மனிதக் குட்டி ஒரு வருடம் தவழ்ந்துகொண்டிருக்கலாம். புரதம் குறைவாக இருப்பது பாலின் குறை அல்ல என்பதை ஜெர்மனியின் பெர்தோல்ட் கோலெட்ஸ்கோ குழு ஐந்து ஐரோப்பிய நாடுகளில் சோதித்துக் காட்டியது. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளை இரண்டாகப் பிரித்து ஒரு கூட்டத்துக்குப் புரதம் அதிகமுள்ள பால்பவுடர், இன்னொன்றுக்குக் குறைந்தது. ஆறு வயதில் அதிகப் புரதக் கூட்டத்தில் உடற்பருமன் ஆபத்து இரு மடங்குக்கு மேல். அதன் பிறகு நிறுவனங்கள் பவுடரில் புரதத்தைக் குறைக்க ஆரம்பித்தன.

பாலில் இன்னொரு விசித்திரமும் உண்டு. அதிலுள்ள சிலவகைச் சர்க்கரைக் கோவைகளைக் குழந்தையால் செரிக்கவே முடியாது. லிட்டருக்குச் சில கிராம் என்று தாய் பாடுபட்டுச் செய்யும் அவை குழந்தைக்கானவை அல்ல. அதன் பெருங்குடலில் குடியேறும் நல்ல பாக்டீரியாவுக்கான சாப்பாடு அவை. அந்தக் குடியிருப்பு அமைகிற விதம் எதிர்ப்புச் சக்தியையும் அழற்சியையும் தொடுகிறது. சேனையாகப் போகும் சீனித் தண்ணீர் இந்த ஏற்பாட்டின் குறுக்கே போகிறது என்பது நிச்சயம். ஒரு துளி ஆயுளுக்கும் கெடுதல் செய்யும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பல வீடுகளில் அது ஒரு துளியோடு நிற்பதில்லை. 'பால் ஊறுகிறவரைக்கும்' என்று இரண்டு மூன்று நாள் ஓடும். அந்த நாட்களில்தான் சீம்பால் வருகிறது.

சரி, தாய்ப்பால் குடித்தவர்களுக்குப் பிற்காலத்தில் நோய் குறைவா? பெரும்பாலான ஆய்வுகள் ஆமாம் என்கின்றன. சிக்கல் என்னவென்றால், பணக்கார நாடுகளில் படித்த, வசதியுள்ள தாய்மார்தான் அதிக நாள் பால் கொடுக்கிறார்கள். பிள்ளை நன்றாக இருப்பதற்குக் காரணம் பாலா வசதியா என்று பிரிப்பது கஷ்டம். இதைப் பிரித்துப் பார்க்க மாண்ட்ரியாலின் மைக்கேல் கிராமர் 1990-களில் பெலாரஸுக்குப் போனார். 31 மருத்துவமனைகள், 17,046 தாய்-சேய் ஜோடிகள். குலுக்கல் முறையில் சில மருத்துவமனைகளில் தாய்ப்பால் ஊட்டத் தீவிரமாக ஊக்குவித்தார்கள், மற்றவற்றில் வழக்கம்போல விட்டார்கள். மூன்று மாதத்தில் தாய்ப்பால் மட்டும் குடித்தவர்கள் ஒரு பக்கம் 43 சதவீதம், மறுபக்கம் 6 சதவீதம். முதல் வருடத்தில் வயிற்றுப்போக்கு 13.2 சதவீதத்திலிருந்து 9.1 ஆகக் குறைந்தது. தோல் அரிப்பு நோய் பாதியானது. ஆறரை வயதில் அறிவுத்திறன் தேர்வில் மதிப்பெண் கூடியது. உடல் எடையிலும் ரத்த அழுத்தத்திலும் வித்தியாசமே இல்லை. பதினொன்றரை வயதில் பார்த்தபோதும் எடையில் வித்தியாசம் இல்லை.

இதை ஆர்வலர்கள் ரசிக்கவில்லை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அந்த ஆய்வில் இரண்டு பக்கத்துத் தாய்மாரும் பால் கொடுக்கத் தொடங்கியவர்களே. எவ்வளவு நாள், எவ்வளவு முழுமையாக என்பதில்தான் வித்தியாசம். சுத்தமான தண்ணீரும் வைத்தியமும் கையெட்டும் தூரத்தில் இருந்த நாடு அது. பிரேசிலின் பெலோட்டாஸ் நகரில் 1982-இல் பிறந்தவர்களை முப்பது வயதுவரை தொடர்ந்த ஆய்வு வேறொரு பக்கத்தைக் காட்டுகிறது. அங்கே அப்போது ஏழை பணக்காரர் வித்தியாசமில்லாமல் எல்லோரும் பால் கொடுத்தார்கள். ஒரு வருடமோ அதற்கு மேலோ குடித்தவர்களுக்கு அறிவுத்திறன் மதிப்பெண்ணும் படிப்பும் மாதச் சம்பளமும் கூடுதல்.

இத்தனையையும் படித்த பிறகு என் தீர்ப்பு இதுதான். தாய்ப்பால் பிள்ளையைச் சாவிலிருந்தும் வயிற்றுப்போக்கிலிருந்தும் காக்கும் என்பதில் சந்தேகமே வேண்டாம். சுகரையும் பருமனையும் ஓரளவு தள்ளிவைக்கலாம், அந்த ஓரளவு எவ்வளவு என்பதில் பண்டிதர்களுக்குள்ளேயே வழக்கு இருக்கிறது. அதைத் தடுப்பூசிபோல விற்கக் கூடாது. விற்றால், பால் கொடுத்தும் பிள்ளைக்கு நோய் வந்த தாய் ஏமாற்றப்படுகிறாள், கொடுக்க முடியாத தாய் குற்றவாளி ஆக்கப்படுகிறாள்.

இந்தப் பேச்சில் விடுபட்டுப்போவது தாயின் உடம்பு. முப்பது நாடுகளின் 47 ஆய்வுகளைத் திரட்டி 2002-இல் வெளியிட்ட கணக்குப்படி, பால் கொடுக்கும் ஒவ்வொரு பன்னிரண்டு மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் ஆபத்து 4.3 சதவீதம் குறைகிறது. அமெரிக்காவில் முப்பது வருடம் தொடர்ந்த இன்னொரு ஆய்வில், ஆறு மாதத்துக்கு மேல் பால் கொடுத்த பெண்களுக்குச் சர்க்கரைநோய் ஏறக்குறைய பாதியாக இருந்தது. திண்ணையில் மாத்திரை வாங்குகிறவளின் கணக்கில் சேர வேண்டிய தகவல் இது.

'பால் பத்தலை'

தமிழ்நாட்டுக் கணக்கில் ஒரு முரண்பாடு இருக்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுப்பதில் நாம் 60.2 சதவீதம், இந்தியச் சராசரி 41.8. நல்ல தொடக்கம். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் என்ற இடத்துக்கு வந்தால் நாம் 55.1, இந்தியா 63.7. மருத்துவமனைப் பிரசவத்தில் நாட்டின் முன்வரிசையில் நிற்கும் மாநிலம், அதிக மருத்துவமனை இல்லாத மாநிலங்களுக்குப் பின்னால் நிற்கிறது.

ஒரு காரணம் கத்தி. இங்கே 44.9 சதவீதம் பிரசவம் சிசேரியன், தனியார் மருத்துவமனைகளில் 63.8. தையல் வலியோடு படுத்திருப்பவளிடம் பிள்ளை வந்து சேர நேரமாகிறது. அந்த இடைவெளியில் முதல் புட்டி நுழைகிறது. இன்னொன்று வெயில். பங்குனி சித்திரையில் கயத்தாற்றுக் காற்று அனலாக அடிக்கும்போது பச்சைப்பிள்ளைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்றால் எந்த ஆச்சியும் நம்ப மாட்டாள். பாலிலேயே போதிய தண்ணீர் இருக்கிறது என்பதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும், திட்டிச் சொன்னால் வேலைக்கு ஆகாது. உரை மருந்து, கிரைப் வாட்டர் எல்லாம் இதே வரிசையில் வருபவை.

மூன்றாவது காரணம் 'பால் பத்தலை' என்ற பயம். பிள்ளை அழுதால் பசி, பசி என்றால் பால் போதவில்லை, போதவில்லை என்றால் டின். பால் ஊறுவது சப்புவதைப் பொறுத்தது. பிள்ளை எவ்வளவு சப்புகிறதோ அவ்வளவு சுரக்கும். ராத்திரிக்கு ஒரு புட்டி கொடுத்தால் ஒருவேளை சப்பல் குறைகிறது, மறுநாள் அந்த அளவு ஊறுவது குறைகிறது. நான்காம் நாள் மாமியார் சொன்னது உண்மையாகிவிடுகிறது. கடற்கரையில் இதற்குப் பால்சுறாப் புட்டு செய்து போடுவார்கள், கரிசலில் பூண்டும் உளுந்தங்களியும். சுறா நேரடியாகப் பாலைப் பெருக்குமோ என்னவோ, பிள்ளை பெற்றவளுக்கு நாலு நாள் நல்ல புரதம் கிடைக்க வழி செய்த பழக்கம் அது. குறை சொல்ல மனம் வரவில்லை.

டின் கம்பெனிகளுக்கு இந்தப் பயம்தான் முதலீடு. 1939-இலேயே சிங்கப்பூரில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், ஏழைத் தாய்மாரிடம் டப்பாப் பாலை விற்பது கொலைக்குச் சமம் என்று ரோட்டரி சங்க மேடையில் பேசினார். 1981-இல் உலக சுகாதார நிறுவனத்தின் விற்பனை நெறிமுறை, 1992-இல் நம் நாட்டுச் சட்டம். அதன்படி பால்பவுடருக்கு விளம்பரம் கூடாது, இலவச மாதிரி கூடாது, டின்மேல் குழந்தைப் படம்கூடக் கூடாது. சட்டம் நல்ல சட்டம். அதனால்தான் டிவியில் உங்களால் ஒரு பால்பவுடர் விளம்பரம்கூடப் பார்க்க முடிவதில்லை.

ஏழாம் மாதம்

தொடர் அறுகிற இடம் என்று மேலே கேட்டேன். என் பார்வையில் அது முதல் துளியைவிட ஏழாம் மாதம்தான். ஆறு மாதம்வரை ஆளாளுக்கு அறிவுரை சொல்கிறார்கள். வேப்பெண்ணெய் தடவிப் பால் மறக்கடிக்கும்வரையிலான அடுத்த ஒன்றரை வருடத்தைப் பற்றிப் பேச ஆளில்லை. பால்சோறு, ரசஞ்சோறு, பாலில் ஊறிய பிஸ்கட், ரஸ்க். எல்லாம் மாவும் இனிப்பும். முட்டை ஒரு வயதுக்குமேல், மீன் சளி பிடிக்கும், கீரை செரிக்காது என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப்போகிறது. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்திய கணக்கெடுப்பைவிடக் கூடியிருக்கிறது.

இந்த வயதில் இனிப்பு என்ன செய்யும் என்பதற்கு அண்மையில் ஒரு சாட்சி கிடைத்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகும் பிரிட்டனில் சீனிக்கு ரேஷன் இருந்தது, 1953 செப்டம்பரில்தான் எடுத்தார்கள். எடுத்ததும் ஜனங்கள் சாப்பிட்ட சீனி ஏறக்குறைய இரட்டிப்பானது. அதற்குச் சற்று முன் பிறந்தவர்கள், சற்றுப் பின் பிறந்தவர்கள் என்று இயற்கையாகவே இரண்டு கூட்டம். 2024-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, கருவிலும் முதல் இரண்டு வயதிலும் ரேஷன் சீனியோடு வளர்ந்தவர்களுக்குச் சர்க்கரைநோய் 35 சதவீதமும் ரத்த அழுத்தம் 20 சதவீதமும் குறைவு என்றது. கெட்டி உணவு தொடங்கும் ஆறாம் மாதத்துக்குப் பிறகும் ரேஷனில் இருந்தவர்களுக்குப் பலன் கூடுதல்.

அதே 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் 'பப்ளிக் ஐ' அமைப்பு ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. நெஸ்லே நிறுவனம் இந்தியாவில் விற்கும் செரிலாக்கில் ஒரு வேளைக்குச் சராசரியாக மூன்று கிராம் அளவுக்குச் சீனி சேர்க்கிறது, ஐரோப்பாவில் அதேவகை உணவில் சேர்ப்பதில்லை என்பது குற்றச்சாட்டு. ஐந்து வருடத்தில் 30 சதவீதம் குறைத்திருக்கிறோம் என்றது நிறுவனம். பிறகு சீனி சேர்க்காத வகைகளையும் அறிவித்தது. வெள்ளைக்காரப் பிள்ளைக்கு ஆகாதது நம் பிள்ளைக்கு எப்படி ஆகும் என்று எல்லோரும் கொதித்தோம். நியாயம்தான். கொதித்த கையோடு அங்கன்வாடிச் சத்துமாவிலிருக்கும் வெல்லத்தையும் நம் அடுப்படியையும் பார்த்திருக்கலாம். உடன்குடிக் கருப்பட்டி மணக்கும், புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. எட்டு மாதப் பிள்ளையின் ரத்தத்துக்கு அதுவும் சர்க்கரைதான்.

இதற்கெல்லாம் தமிழ்நாட்டில் வழி தெரியாமல் இல்லை. 1980-இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு முதல் 36 மாதக் குழந்தைகளை மாதாமாதம் தராசில் வைத்தது. ஒல்லியான எல்லாப் பிள்ளைக்கும் மாவு கொடுக்காமல், எடை ஏறுவது நின்ற பிள்ளையைக் கண்டுபிடித்து அதற்கு மட்டும் சில மாதம் கொடுத்துத் தேற்றி அனுப்பியது. தாய்க்கும் விஷயம் சொல்லப்பட்டது. உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் ஏறிய திட்டம் அது. 1982-இல் சத்துணவு வந்தபோது எல்லோர் கண்ணும் தட்டுமேல் போனது, தராசை மறந்துவிட்டோம். 2022-இல் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டம் மறுபடி இளங்குழந்தைகளிடம் வந்திருக்கிறது. ஆனால் டெல்லி ஆய்வு கேட்கச் சொல்வது எடையை மட்டுமல்ல. பிள்ளை உயரமாகிறதா, வெறும் சதை போடுகிறதா? 'கொழுகொழு'வென்று ஆக்கிக் காட்டும் அவசரத்தில் மூன்று வயதுக்காரனுக்குத் தினம் பிஸ்கட் பாக்கெட் கொடுக்கிற வீட்டில் இந்தக் கேள்வி இன்னும் போய்ச் சேரவில்லை.

வேன் வருகிற நேரம்

ஆறு மாதம் பால் மட்டும், இரண்டு வயதுவரை கூடவே பால், நடுவில் முட்டையும் மீனும் மசித்த பருப்பும் என்று சொல்வதற்கு ஒரு நிமிடம் போதும். செய்ய ஆள் வேண்டும். இந்த வட்டாரத்தில் அந்த ஆள் காலையில் வேனில் ஏறித் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறாள், அல்லது களை எடுக்கப் போகிறாள், அல்லது நூறு நாள் வேலைக்கு. கட்டு எண்ணிக்கைக்குக் கூலி, போகாத நாளுக்குக் கூலி இல்லை. பிள்ளையை ஆச்சியிடம் விட்டுப்போனால் புட்டி தவிர வேறு வழி என்ன?

சட்டம் இல்லாமல் இல்லை. மாநில அரசு ஊழியருக்கு 2021 ஜூலையிலிருந்து பன்னிரண்டு மாதப் பேறுகால விடுப்பு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் 2017 திருத்தப்படி 26 வாரம். ஐம்பது பேர் இருந்தால் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம். 2005-ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டமும், ஐந்து சின்னப் பிள்ளைகள் வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தச் சொன்னது. 2015-இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பத்து நிமிடத்துக்கு அது நல்ல ஏற்பாடு. வீட்டோடு தீப்பெட்டி ஒட்டுகிறவளும், பத்துப் பேருக்குக் குறைந்த பட்டறைக்காரியும், வயற்காட்டுக் கூலிக்காரியும் இந்தச் சட்டங்களுக்கு வெளியே நிற்கிறார்கள்.

அவளுக்கென்று இருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவு மகப்பேறு உதவித் திட்டம். 1987-இல் தொடங்கியது, இப்போது 18,000 ரூபாய். அதில் 4,000 சத்துப் பெட்டகமாக வரும், 14,000 ரொக்கம். அதுவும் கர்ப்ப காலத்திலேயே தொடங்கித் தவணை தவணையாக. அந்த ரொக்கம் முழுவதையும் பிரசவத்துக்குப் பிந்திய ஆறு மாதத்துக்கென்றே ஒதுக்கிவைத்தாலும் நாளுக்கு எழுபத்தெட்டு ரூபாய் வருகிறது. தீப்பெட்டி ஆபீஸ் கூலி அதைவிட அதிகம், களையெடுப்புக் கூலி அதைவிட இன்னும் அதிகம். திண்ணையில் மாத்திரை விநியோகிக்க ஆகும் செலவையும், ஆறு மாதத்துக்கு ஒரு பெண்ணின் கூலியை ஈடுகட்ட ஆகும் செலவையும் அரசு ஒரே தாளில் எழுதிப் பார்க்கட்டும். இரண்டும் ஒரே வீட்டுக்குத்தான் போகின்றன.